மறு: ‘ரைடிங் ஜாக்கெட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இந்தச் சொல்லை நான் தேடத் தொடங்கியது தமிழ்ப்பற்றால் அல்ல, தையல்கடையால். பைக்கில் போகும்போது போடும் ஜாக்கெட்டின் கை தொளதொளவென்று இருந்தது. முழங்கையில் வைத்திருக்கும் தகடு எலும்பின்மேல் உட்காராமல் பக்கவாட்டில் நழுவியது. விழுந்தால் தகடு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போனில் “ஜாக்கெட் தயாரா?” என்றேன். கடைப் பையன், “அளவு ஜாக்கெட் கொடுத்தீர்களா? லைனிங் உண்டா?” என்று கேட்டான். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. அந்த இடத்தில் வேறொன்றை உட்காரவைக்க முடியாது.

இதற்கு அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி முன்பு சொன்ன ‘கவச உடை’ எனக்கு ஒப்பவில்லை. தலைக்கவசம் நிலைத்ததால் இதுவும் நிலைக்கும் என்கிறார்கள். தலைக்கவசத்துக்குப் பின்னால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருக்கிறது. வண்ணார்பேட்டையில் நிற்கும் போலீஸ்காரரும் இருக்கிறார். சட்டைக்கு அப்படி யாரும் இல்லை. விரும்பிப் போட வேண்டிய பொருளுக்குப் பெயரே மிரட்டலாக இருந்தால் எப்படி?

சென்ற ஆவணியில் வள்ளியூரில் ஒரு கல்யாணம். நான்குவழிச் சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதால், கல்யாணச் சட்டையின்மேல் அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “தம்பிக்குத் தீயணைப்பு நிலையத்திலா வேலை?” என்றார். அடுத்த கல்யாணத்துக்கு அது வீட்டு ஆணியிலேயே தொங்கியது. நான் போனது அதே சாலையில், அதே வேகத்தில்.

இப்போது வருவது வேறு மாதிரி. வெளியே பார்த்தால் கட்டம்போட்ட சாதாரணச் சட்டை, நீல ஜீன்ஸ். உள்ளே அரமிட் என்னும் உறுதியான செயற்கை இழைத்துணி. தோளிலும் முழங்கையிலும் உள்பை தைத்து அதில் தகடு. (கெவ்லார் என்பது இந்த இழைக்கு ஒரு நிறுவனம் வைத்த வணிகப்பெயர். நம் பட்டியலில் அரமிட் என்றே எழுதுங்கள்.) சாரல் நேரத்தில் குற்றாலம் போய் ஹோட்டலில் உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த மறைவுதான் இதன் உயிர். ஆகவே என் முன்மொழிவு: மெய்ம்மறை. பதிற்றுப்பத்தில் சேரனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறார்கள். சான்றோர் அங்கே வீரர். உடலை மறைத்துக் காப்பது என்று பொருள் கச்சிதமாக இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, கடையில் போய் மெய்ம்மறை கேட்டால் உங்களைப் புலவர் என்பார்கள், சட்டையை எடுத்துக் காட்ட மாட்டார்கள். மறை என்றால் இன்று வேதம். இல்லாவிட்டால் திருகாணி மறை. “மறை கழன்றுவிட்டதா?” என்று கேலி செய்ய நம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? முல்லைப்பாட்டில் யவனர் போட்டிருக்கும் ‘மெய்ப்பை’யை யாராவது கொண்டுவருவதற்குமுன் நானே எடுத்து நானே தள்ளிவிடுகிறேன். இன்றைய காதுக்கு அது பிணவறையில் கட்டிக் கொடுக்கும் பை. கவச உடை பிடிக்காவிட்டால் காப்புச்சட்டை என்று வையுங்கள்.

தென்காசியிலிருந்து, செவ்வாய் மாலை

காப்பு வேண்டாம், அண்ணாச்சி. கோயில் கொடைக்குக் கட்டுவதும் காப்பு, போலீஸ் மாட்டுவதும் காப்பு.

முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் சட்டைக்குப் பெயர் வைக்கிறீர்களே, உள்ளே இருப்பதற்கு? தகடு என்பது தவறு. என் மகன் சட்டையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்: ஆறிய இட்லி போல வளைகிறது, சுத்தியலால் அடித்தால் இறுகிக்கொள்கிறது. அடியை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரத்துகிறது. எங்கள் ஆச்சி குடத்துக்கு அடியில் தலையில் வைத்த சும்மாடும் இதைத்தான் செய்தது. சும்மாடு என்றே சொல்லலாமே.

பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன்

அக்கா, சும்மாட்டைத் தள்ள எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் அது நின்று அழுத்தும் சுமைக்கு. இது கண்ணிமைக்கும் நேரத்து மோதலுக்கு. ஐரோப்பியத் தரநிலை 1621-1இல் 50 ஜூல் ஆற்றலில் ஒரு எடையை இதன்மேல் விழச்செய்து, மறுபக்கம் இறங்கும் விசையை அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் நின்றால் முதல் நிலை, 20க்குள் நின்றால் இரண்டாம் நிலை. சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் ‘அடிதாங்கி’ என்று வைப்போமா?

முழு உடைக்கு வருகிறேன். 2020இல் வந்த 17092 என்னும் ஐரோப்பியத் தரநிலையில், சுழலவிட்ட துணியைக் கான்கிரீட்டின்மேல் விட்டுத் தேய்க்கிறார்கள். விழும்போது அதிகம் அடிபடும் முதன்மைப் பகுதிகளுக்கு ‘ஏஏஏ’ வகுப்பில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான சோதனை, ‘ஏஏ’வில் 70, ‘ஏ’வில் 45. ‘பி’ வகுப்பில் அடிதாங்கியே கிடையாது, சிராய்ப்புக்கு மட்டும் பாதுகாப்பு. ‘சி’யில் அடிதாங்கி மட்டும். ‘பி’யைப் போய்க் கவசம் என்றால் வாங்குபவரை ஏமாற்றுவதாகும். கட்டம்போட்ட அழகுச் சட்டைகளில் பல ‘ஏ’ வகுப்புதான். சந்திப்பிலிருந்து டவுனுக்குப் போய் அல்வா வாங்கி வர அது போதும். வள்ளியூர்ச் சாலைக்கு நான் ‘ஏஏ’ கேட்டு வாங்குவேன், பார்வைக்குக் கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் சரி.

மெய்ம்மறையைத் திரும்பப் பெறுகிறேன். மறை கழன்றது, அண்ணாச்சி.

நேற்றுத் தையல்கடையில் ஜாக்கெட்டை வாங்கினேன். உள்ளே இருப்பதைக் காட்டி அடிதாங்கி என்று சொல்லியிருந்தேன். ரசீதில் அவர் எழுதியிருப்பது: “தாங்கிச் சட்டை 1, கை பிடித்தது.” எதைத் தாங்கும் என்பதை நறுக்கிவிட்டார். அடியோ சிராய்ப்போ, எந்த வகுப்புக்கும் இது பொருந்திவிடுகிறது. என் வாக்கு இதற்கே.

ஜீன்ஸுக்குத்தான் வழி தெரியவில்லை. ‘தாங்கிக் கால்சட்டை’ என்றால் பள்ளிக்கூடத்து அரைக்கால் டவுசர் கண்முன் வந்து நிற்கிறது. தென்காசி அக்கா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?