லாபம் 10 லட்சம், ஈவு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

மார்த்தாண்டம் ரப்பர்க்காரன்:
எங்கள் கடன் சங்கத்துக்குக் குமரியிலும் திருவனந்தபுரத்திலும் உறுப்பினர்கள் உண்டு. ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர் பால்) விற்ற காசில் சிறுகச் சிறுக வாங்கிய பங்கு என்னுடையது. சங்கப் பேரவைக் கூட்டத்தில் நிகர லாபம் 10 லட்சம் என்றதும் கை தட்டினோம். பங்குக்குக் கிடைக்கும் ஈவுத்தொகையைக் கேட்டதும் தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ‘காப்பு நிதிக்குப் போய்விட்டது’ என்கிறார் செயலாளர். இது என்ன கணக்கு?

தக்கலை கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, இரு மாநிலச் சங்கமென்றால் 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், பிரிவு 63. காப்பு நிதிக்குக் குறைந்தது 25 சதவீதம், எதிர்பாராத நஷ்டத்துக்கான தனி நிதிக்குக் குறைந்தது 10, கூட்டுறவுக் கல்வி நிதிக்கு 1. ஆக 3.60 லட்சம் முதலிலேயே கழிந்துவிடும். செயலாளர் பொய் சொல்லவில்லை, விளக்கத்தான் சோம்பல்.

குழித்துறை அக்கா:
2023 திருத்தத்தை விட்டுவிட்டீர்களே! முந்தைய 3 ஆண்டுகளும் லாபம் என்றால், நலிந்த சங்கங்களுக்கான மறுவாழ்வு நிதிக்கு லாபத்தில் 1 சதவீதமோ 1 கோடியோ, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும்.

மார்த்தாண்டம் ரப்பர்க்காரன்:
அப்படியானால் இன்னும் 10 ஆயிரம். சரி, மீதி 6.30 லட்சம்?

தக்கலை கணக்குப்பிள்ளை:
அதைத்தான் பேரவையில் எழுந்து கேட்டிருக்க வேண்டும், அண்ணாச்சி. வடைக்கு முன்னால்.