அடுப்பு காயில் ஒரே எடத்துல பழுக்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, கடலூர் ஓல்டு டவுன்ல இருக்கேன். வீட்ல பழைய காயில் அடுப்பு, 2000 வாட்ஸ், தட்டு நல்லாத்தான் இருக்கு, காயில்தான் அறுந்துபோச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டோம், இப்ப நடுவுல சுத்து நெருங்கி கெடக்கற எடம் மட்டும் பளபளன்னு பழுக்குது ஓரமெல்லாம் மங்கலாவே இருக்கு. இழுத்து விடறப்போ சமமா வரலயா, இல்ல கம்பியே மட்டமா?

230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா காயிலோட மின்தடை 26 ஓம் கிட்ட வரணும், மல்டிமீட்டர்ல 21தான் காட்டுது, காயில் கம்பி நிக்ரோம், அது சூடானாலும் ஓம் பெருசா ஏறாதே. கடைக்காரர் என்னடான்னா "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ங்கறார் (அவருக்கென்ன, ஓம் கொறஞ்சா கரண்ட் கூட இழுக்கும், பில்லு எங்களுக்குல்ல வருது).

முறுக்கி ஒட்டு போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, அது நிக்காது. மஞ்சக்குப்பத்துலயோ பாண்டிலயோ ஓம் பாத்து காயில் சுத்தித் தர்றவங்க யாராச்சும் இருக்காங்களா?