தண்டுவடம் அறுந்த பிறகும் பாதம் எரியுமா?

கேள்வி – ஆலங்குளத்துத் தங்கை:
என் அண்ணன் எலக்ட்ரீஷியன். கம்பத்திலிருந்து விழுந்து மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவதான டி10-ல் தண்டுவடம் முழு முறிவு. தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் ராத்திரியானால், "கால்விரலெல்லாம் முறுக்கிக்கிட்டு இருக்கு, நிமிர்த்தி விடு" என்கிறான். போர்வையை விலக்கிப் பார்த்தால் விரல் நேராகத்தான் இருக்கிறது. பாதத்தை அடுப்பில் வைத்த மாதிரி எரிகிறதாம். டாக்டர் பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்து கொடுத்திருக்கிறார். அம்மா மந்திரிக்கப் போகலாம் என்கிறார். நடுவில் தொடர்பே இல்லையே, எப்படிங்க எரியும்?

பதில் – சக்கரவண்டி:
தங்கச்சி, அண்ணன் சொல்றது நிஜம். எனக்கு டி12, பல வருஷமாச்சு. இடது முழங்கால் மடங்கியே இருக்குற மாதிரி இன்னும் தோணும். எரிச்சல் திடீர்னு கூடினா முதல்ல மூத்திரத்தைப் பாருங்க, கிருமி இருக்கலாம். மலச்சிக்கல், படுக்கைப்புண்ணும் ஏத்தி விடும். எரியுதுன்னு ஐஸோ, இதம்னு வெந்நீர்ப் பையோ வெச்சிடாதீங்க, தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. மந்திரிக்கிற காசுக்கு நல்ல குஷன் வாங்கலாம்.

பதில் – பிசியோ, மதுரை:
மூளையின் உச்சியில், இரு பாதிகளும் சந்திக்கும் பிளவின் உட்புறம்தான் காலுக்கான இடம். சேதி நின்றுபோனாலும் அந்த இடம் இருக்கிறது. முறிவுக்கு மேலுள்ள நரம்புகளும், உணர்வுச் சேதிகளை மூளைக்குள் கடத்திவிடும் தலாமஸ் பகுதியும் தாமாகவே துடிக்கும்போது மூளை அதைக் காலின் வலியாகவே எடுத்துக்கொள்கிறது.

கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்கான இடம் முகத்தைத் தொட்டதற்குத் துலங்கியதை 1991-ல் கண்டார்கள். சென்னை ஸ்டான்லியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கன்னத்தைத் தொட்டால் இழந்த கையில் உணர்வு வருவதைக் காட்டினார். 'பக்கத்து உறுப்பு காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்' என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். என் கணிப்பில் அது பாதிக் கதை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களை ஸ்கேனில் படுக்கவைத்துக் கைவிரலை அசைக்க முயலச் சொன்ன 2021 ஆய்வில், விரல்களுக்கான இடங்களின் வரிசை மூளையில் இன்னும் இருந்தது. ஆண்டுகள் கூடக்கூட மங்கவும் செய்தது. 2004-ல், கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்த மாத்யூ நேகிள் என்பவரின் மூளையில் மின்னணுச் சில்லு பதித்தபோது, கையை அசைப்பதாக நினைத்தே கணினியின் சுட்டிக்குறியை நகர்த்தினார். காயம்பட்டு மூன்றாண்டுக்குப் பிறகு!

ஆலங்குளத்துத் தங்கை:
அப்போ ராத்திரி, விரலை நிமிர்த்துற மாதிரி நினைச்சுப் பாருன்னு அவனிடம் சொல்லலாமா சார்?

பிசியோ, மதுரை:
அவசரப்படாதீங்கம்மா. மார்புமட்டத்தில் முழு முறிவும் நரம்பு வலியும் இருந்தவர்களைக் கணுக்காலை அசைப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது வலி கூடியது. அது 2008 ஆய்வு. அதற்கு முந்தைய ஆண்டு மோஸ்லி என்ற ஆய்வாளர் செய்தது வேறு. நோயாளியின் மேலுடம்பு கண்ணாடியில் தெரியும், கீழே நடக்கும் கால்களின் படம் ஓடும். அந்தச் சிறு குழுவில் வலி குறைந்தது. முயல்வதானால் உங்கள் பிசியோ பக்கத்தில் இருக்கட்டும்.

சக்கரவண்டி:
எனக்கு அந்த வீடியோவால ஒண்ணும் குறையலை, சொல்லிடறேன். இன்னொண்ணு, எரிச்சல் தணிஞ்சா பிரிகாபலினைச் சட்டுனு நிறுத்தாதீங்க. டாக்டரைக் கேட்டு மெதுவாத்தான் குறைக்கணும்.