தங்கச்சி ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆவணும்ங்கறா, பொண்ணுங்களுக்கு கோட்டாலதான் குடுக்கறாங்கன்னு வீட்ல பேச்சு, உண்மையா?

விஷாரம்_அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம், நமக்கு மேல்விஷாரம். தங்கச்சி பி.எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம், 20 முடிஞ்சிது. ரெண்டு வருஷம் முன்னாடி அரக்கோணத்துல ஒரு கல்யாணத்துக்கு போனப்ப நேவி பிளேன் ஒண்ணு மண்டபத்துக்கு மேலயே தாழ எறங்குச்சு, அன்னியிலருந்து இதே பேச்சுதான். இப்ப ஆஃப்கேட் (ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் பரீட்ச) எழுதறேன், பிளேன் ஓட்டற ஃப்ளையிங் பிராஞ்ச்தான் வேணும்னு ஒத்த கால்ல நிக்கறா. பெரியத்தா வந்து "பேப்பர்ல போட்டோ போடறதுக்காக ரெண்டு பொண்ணுங்கள எடுப்பாங்க, அதுலயும் நம்ம பேர பாத்தாலே ஓரமா வெச்சிடுவாங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அத்தா ஒண்ணும் பேசல, சாப்பிட்டுட்டு எழுந்துட்டாரு. எனக்கு தெரிய வேண்டியது ரெண்டுதான். உண்மையிலயே கோட்டா இருக்கா? பேர் ஒரு தடையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்கு தோல் கம்பெனி வேலைதான் தெரியும், இதுல ஒண்ணும் புரியல.

காட்பாடி_ஜங்ஷன்:
புரோ தப்பா நெனைக்காதீங்க, உங்க பெரியத்தா பாதி கரெக்ட்டுதான். ஆஃப்கேட் நோட்டிஃபிகேஷன எடுத்து பாருங்க, ஆம்பளைக்கு இத்தன பொம்பளைக்கு இத்தனன்னு தனித்தனியா சீட் போட்டிருப்பான். அதுக்கு பேரு கோட்டா இல்லன்னா வேற என்ன? ஒரு பொண்ணு ஓட்டுனா டிவில ஒரு வாரம் ஓடும், நூறு பசங்க ஓட்டுனா நாயும் சீந்தாது.

பழைய_ஃபிட்டர்:
தம்பி நான் கம்மவான்பேட்டை. எங்க ஊர் கத தெரியும்ல, வீட்டுக்கு வீடு பட்டாளத்து பொட்டி இருக்கும். நான் ஏர்மேன், எஞ்சின் ஃபிட்டரா 20 வருஷம் இருந்து வந்தவன், ஆபீசர் இல்ல, அதனால கீழ இருந்து பாத்தத சொல்றேன். மொதல்ல ஆபீசர் எண்ட்ரில ஜாதி மதத்துக்கு ஒதுக்கீடே கெடையாது. ஜங்ஷன் தம்பி சொல்ற தனி சீட் உண்மைதான், ஆனா அது உள்ள தள்ளி விடற கதவு இல்லப்பா, வாசல சின்னதாக்கி வெச்ச கதவு. 2021ல கோர்ட் சொன்னப்புறம் என்.டி.ஏ.வ (பிளஸ் டூ முடிச்சி சேர்ற ராணுவ அகாடமி) பொண்ணுங்களுக்கு தொறந்தாங்கல்ல, ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல பொண்ணுங்க அப்ளை பண்ணாங்க, சீட் எத்தினின்னு நெனைக்கற? 19. இதுக்கு பேரு சலுகைன்னா எனக்கும் அந்த சலுகைய விளக்கி சொல்லு.

அப்பறம் டிரெயினிங். ஹைதராபாத் பக்கம் துண்டிகல் அகாடமில பிலாட்டஸ்ங்கற டிரெயினிங் பிளேன்ல ஒக்கார வெப்பாங்க, தனியா ஓட்டற சோலோக்கு முன்னாடி செக் சார்ட்டின்னு ஓட்டி காட்ற டெஸ்ட் வரும், அதுல இன்ஸ்ட்ரக்டருக்கு திருப்தி இல்லன்னா திரும்ப குடுப்பாங்க, அப்பவும் வரலன்னா ஃப்ளையிங்ல இருந்து சஸ்பெண்ட், பொட்டிய கட்ட வேண்டியதுதான். பசங்க எத்தினியோ பேரு அழுதுகினு போனத பாத்திருக்கேன். 2016 ஜூன்ல மொத தடவ மூணு பொண்ணுங்க ஃபைட்டருக்கு, அதான் போர் விமானத்துக்கு வந்தாங்களே, அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், அந்த தடவ போட்டியில இருந்ததே ஆறு பொண்ணுங்க, பாதி பேருக்குதான் கெடச்சிது. போட்டோக்கு மட்டும்னா ஆறு பேரயும் நிக்க வெச்சிருக்கலாமே. அவனி 2018ல ஜாம்நகர்ல மிக்-21 ஃபைட்டர்ல தனியா பறந்தாங்க. மிக்-21 எறங்கற வேகம் என்னன்னு யாராச்சும் ஃபிட்டர கேளு, ஒடம்பு கூசும்.

இன்னொண்ணு, எங்களுக்கு பைலட் மூஞ்சியே பாக்க வேணாம். பிளேன் திரும்பி வந்தா டயர் எப்டி தேஞ்சிருக்கு, ஹார்ட் லேண்டிங்கா இல்லையான்னு பாப்போம், பிளேனோட பதிவேடு ஃபார்ம் 700ல என்ன ஸ்னாக் (கோளாறு) எழுதி கையெழுத்து போட்டிருக்காங்கன்னு படிப்போம். ஒழுங்கா எழுதறவங்க, தப்ப மறைக்காம "நான்தான் அழுத்தி எறக்கிட்டேன்"னு சொல்றவங்க, அவங்கதான் எங்களுக்கு நல்ல பைலட்.

பேர பத்தி கேட்டியே. இட்ரிஸ் ஹசன் லத்தீஃப் ஹைதராபாத்காரரு, 1978ல இருந்து 81 வரைக்கும் ஏர்ஃபோர்ஸுக்கே தலைவரு. 85ல தலைவரா வந்த டெனிஸ் லா ஃபோன்டெய்ன் நம்ம மெட்ராஸ்ல பொறந்தவரு. பார்சில ஆஸ்பி எஞ்சினியர்னு (எஞ்சினியர்ங்கறது பேருதான்) ஒருத்தரு தலைவரா இருந்தாரு, பின்னாடி 2007ல ஃபாலி மேஜர், அவரு ஹெலிகாப்டர்ல இருந்து வந்தவரு. எல்லா எடத்துலயும் எல்லாரும் நல்லவங்கன்னு நான் சொல்ல மாட்டேன், மெஸ்ல குத்தி பேசறவன் எங்கயும் இருப்பான். பெரியத்தா கிட்ட லத்தீஃப் பேர மட்டும் சொல்லு, அவர் வயசுக்கு ஞாபகம் இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன்:
சரி ஐயா, சீட் கணக்கு ஒத்துக்கறேன். ஆனா இவ்ளோ நாளா ஏன் ஃபைட்டர்ல இல்ல? முடியலன்னுதானே?

அரக்கோணத்தான்:
முடியலன்னு யாரு டெஸ்ட் வெச்சி பாத்தது ஜங்ஷன்? 1994லயே ஹெலிகாப்டர், டிரான்ஸ்போர்ட்டுக்கு எடுத்தாங்க, 1999 கார்கில்ல குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டுனாங்க. ஃபைட்டர் கதவ தொறக்கவே இன்னும் 17 வருஷம் ஆச்சு, தொறக்காத கதவுல எவன் நொழைவான். நம்ம வேலூர்லயே நடந்த கததான இது, 1918ல சி.எம்.சி ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா பொண்ணுங்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பிச்சப்ப, ஆம்பள பசங்களே அஞ்சுல ஒருத்தன்தான் பாஸ் ஆவான், ரொம்ப ஆச வெக்காதீங்கன்னு மெட்ராஸ் அதிகாரி சொன்னாராம். பரீட்ச எழுதுனது 14 பொண்ணுங்க. 14ம் பாஸ்.

விஷாரம் அண்ணே, உங்க தங்கச்சி பாத்தது ராஜாளி (எங்க ஊர் நேவி தளம்) பிளேன், பி-8ஐயா இருக்கும், எங்க வீட்டு ஓடு தெனம் அதுர்ற சத்தம் அதுதான். 2024 ஜூன்ல அதே ராஜாளில 21 பேரு ஹெலிகாப்டர் பைலட்டா பாஸ் அவுட் ஆனாங்க. அதுல அனாமிகா ராஜீவ், நேவியோட மொத பொம்பள ஹெலிகாப்டர் பைலட். அதே பேட்ச்ல லடாக்ல இருந்து நேவிக்கு வந்த மொத ஆபீசர் ஜம்யாங் செவாங். ரெண்டு பேருக்கும் விங்ஸ் (பைலட் பேட்ஜ்) குத்துனது நம்ம ஊர் கிரவுண்ட்ல, விஷாரத்துல இருந்து பஸ்லயே வந்துடலாம்.

மைசூர்_போய்_வந்தவ:
அண்ணா நான் குடியாத்தம், போன வருஷம் ஏ.எஃப்.எஸ்.பி (ஆஃப்கேட்டுக்கு அப்பறம் வர்ற ஏர்ஃபோர்ஸ் இன்டர்வியூ போர்டு) போய்ட்டு தோத்துட்டு வந்தவ, அதனால நான் சொல்றத அவகிட்ட அப்டியே காட்டுங்க. காட்பாடில காவேரி எக்ஸ்பிரஸ் ஏறி மைசூர் போனேன், மொத நாள் ஸ்கிரீனிங்லயே நெறைய பேர திருப்பி அனுப்பிட்டாங்க, நான் தாண்டிட்டேன். சி.பி.எஸ்.எஸ்ங்கற பைலட் திறன் டெஸ்ட்லதான் போச்சு. அது மிஷின், கையில ஸ்டிக் கால்ல பெடல், திரையில ஓடற புள்ளிய புடிச்சி நிறுத்தணும், அதுக்கு என் பேரும் தெரியாது ஊரும் தெரியாது. வாழ்க்கையில ஒரே தடவதான், போச்சுன்னா ஃப்ளையிங் போச்சு. நான் ராத்திரி தூங்காம போனது என் தப்பு, இன்னமும் வயித்தெரிச்சலா இருக்கு.

கோச்சிங்குக்கு காசு கட்றதுக்கு முன்னாடி கண்ண செக் பண்ணுங்க, கிட்டப்பார்வ இருந்தா ஃப்ளையிங் கெடையாது. பிளஸ் டூல மேத்ஸ் பிசிக்ஸ் ரெண்டுலயும் 50 சதவீதம், டிகிரில 60 சதவீதம் வேணும். ஒயரம் 162.5 சென்டிமீட்டர். வயசு 24க்குள்ள, 25 வரைக்கும் கல்யாணம் ஆயிருக்க கூடாது, இத அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி மாப்ள வந்தா பிரச்சன. என்.சி.சி ஏர் விங் சி சர்டிஃபிகேட் இருந்தா ஆஃப்கேட்டே எழுத வேணாம்.

விஷாரம்_அண்ணன்:
ஃபிட்டர் ஐயா, ரொம்ப நன்றி. பெரியத்தாகிட்ட லத்தீஃப் பேர சொன்னேன், "அவர் காலம் வேற"ன்னாரு, ஆனா பேச்சு அதோட நின்னுச்சு. என்.சி.சி இல்ல. இப்பதான் சுவத்துல நிக்க வெச்சி அளந்தோம், 164. கண்ணு திங்கக்கெழம காட்றோம். அத்தாதான் டேப் புடிச்சாரு.

மைசூர்_போய்_வந்தவ:
ஒயரம் மட்டும் பத்தாதுண்ணா. ஒக்கார வெச்சும் அளங்க, தலையில இருந்து கீழ 81.5 வரணும், காலு நீளம் 99க்கு கொறைய கூடாது, தொட நீளம் 64க்கு மேல போக கூடாது. துணி டேப் வேணாம், இழுத்தா நீளும்.