ஏடம்: துறைமுகமாக இருந்த ஊர் சீஸ் ஊரானது எப்படி?

கரையோரம்:
நெதர்லாந்தின் ஏடம் என்றதும் மெழுகு பூசிய சீஸ் உருண்டைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு காலத்தில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல் பட்டறைகள் இருந்தனவாமே? அது எப்படி அடங்கிப்போனது? அரை நாள் இருந்தால் ஊரில் எதைப் பார்க்கலாம்?

மதகடி:
எல்லாம் மதகால் வந்தது. 1357-ல் ஹாலந்துக் கோமகன் ஐந்தாம் வில்லெம் நகர உரிமை கொடுத்தபோது, ஸாய்டர்ஸே கடலுக்குப் போக்குவரத்து வாய்க்கால் வெட்டிக்கொள்ளவும் அனுமதித்தார். அதற்குக் கதவு கிடையாது. ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டமே சேற்றை அரித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அதே ஓதமும் புயலும் உள்நாட்டு ஏரிக்கரைகளையும் தின்றன. அதனால் 1544-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மதகு வைக்க உத்தரவிட்டார். கரைகள் பிழைத்தன, நீரோட்டம் நின்று, வண்டல் படிந்து, துறைமுகம் தூர்ந்தது.

பின்னால் பேம்ஸ்டர் ஏரியை 1612-லும் பூர்மர் ஏரியை 1622-லும் வற்றவைத்தார்கள். ஏரி இருந்த இடமெல்லாம் புல்வெளி. சீஸுக்கு அங்கிருந்துதான் பால்.

வெண்ணெய்த்தாழி:
ஒரு திருத்தம்: சீஸ் அதற்கு முன்பே உண்டு. சீஸை நிறுத்து விற்கும் எடைக்கூடம் நடத்தும் உரிமை 1526-லேயே கிடைத்துவிட்டது. ஸ்பானியப் படை அருகிலுள்ள அல்க்மார் நகரை முற்றுகையிட்டபோது ஏடம் உதவியதற்காக, 1574-ல் ஆரஞ்சு இளவரசர் வில்லெம் அதை நிரந்தரமாக்கினார். இப்போது நிற்கும் எடைக்கூடம் 1778-இல் கட்டியது.

கடல் தாண்டி விற்றதற்குக் காரணம் அதன் பக்குவம். பாதி ஆடை நீக்கிய பால், உப்புநீரில் ஊறல், இறுகிய தோல், மாதக்கணக்கில் கெடாது. வாங்கும்போது '40+' என்று இருப்பதைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது முழு எடையில் அல்ல, ஈரம் போக மிஞ்சும் பொருளில்தான் 40% கொழுப்பு. வெறும் 'ஏடம்' என்ற பெயரில் எந்த நாட்டிலும் செய்யலாம். 'ஏடம் ஹாலந்து' என்றால் நெதர்லாந்தில் செய்ததாகவே இருக்க வேண்டும்.

பழஞ்செங்கல்:
ரயில் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்தின் பின்புறம் பேருந்து ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம். ஜூலை, ஆகஸ்ட் புதன்கிழமை என்றால் முற்பகலிலேயே போய்விடுங்கள், சீஸ் சந்தை அப்போதுதான். 1922-ல் நின்றுபோய் 1989-ல் மீண்ட சந்தை அது; பார்வையாளர்களுக்கானது.

அதைவிட அருங்காட்சியகத்தின் மிதக்கும் நிலவறையைத்தான் நான் முதலில் சொல்வேன். செங்கல்லில் கட்டிய தொட்டி அது, வீட்டுச் சுவரோடு ஒட்டாது. நிலத்தடி நீர் ஏறினால் தானும் ஏறும். சுவரோடு பிணைத்திருந்தால் கீழிருந்து தள்ளும் நீர் தளத்தைப் பிளந்துவிடும். கடல் நினைவில் ஒரு மாலுமி கட்டினான் என்பது வெறும் கதை. அடுத்து 1561-ஆம் ஆண்டு மணிகள் உள்ள ஸ்பேல்டோரன் கோபுரம். அதன் தேவாலயத்தை 1882-ல் இடித்துவிட்டார்கள்.

கரையோரம்:
மிக்க நன்றி. சிவப்பு மெழுகு ஊரிலும் உண்டா?

வெண்ணெய்த்தாழி:
சிவப்பு பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. உள்ளூர்க் கடைகளில் மஞ்சள் பூச்சுதான் அதிகம். பூச்சைச் சீவிவிட்டுச் சாப்பிடுங்கள்.