நீங்க எப்போது நீ ஆனது?

காதல் நாவலை எடிட்டரிடம் கொடுத்துத் திருத்தி எழுதிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் ஆரம்பித்து, அப்புறம் ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாக, மொத்தம் ஒன்பது வருஷம். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு போனில் தட்டித் தட்டி எழுதியதுதான் முதல் நாவல். ஆன்லைனில் தொடராக வாரம் 3 எபி (எபிசோட்), மொத்தம் 62 எபி. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘சூப்பர் சிஸ்’, ‘அடுத்த யூடி (அப்டேட்) எப்போ சிஸ்’ என்று வரிசை கட்டி நிற்பார்கள். முடிந்ததும் சென்னையில் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போடுகிறோம் என்றது. ஒற்றுப் பிழை பார்த்து, அட்டை போட்டு, ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

எடிட்டராக ஒரு அம்மா பேசினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. “படிச்சிட்டேம்மா, நல்லா எழுதறீங்க. ஃபைல் அனுப்பறேன், பார்த்துட்டுப் பேசுங்க” என்றார். மெல்லிய குரல். அந்தக் குரலை நம்பி ஃபைலைத் திறந்தேன். வலது ஓரம் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள். 340 குறிப்பு. பத்து படித்ததும் மூடிவிட்டேன். நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரர், “ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் சிரிப்பு வந்தது. ‘விழி என்ற சொல் 412 இடங்களில் இருக்கிறது. தமிழில் கண் என்றும் ஒரு சொல் உண்டு’ என்று ஒரு குறிப்பு. என் நாயகி எதையும் சொல்லவே மாட்டாள். நவில்வாள், மொழிவாள், இயம்புவாள். அதற்கு அம்மா போனில் சொன்னார்: “சொன்னாள்னே எழுதுங்க. படிக்கிறவங்க கண்ணு அதுல நிக்காது, வசனத்துக்குப் போயிடும். நவின்றாள்னா அங்கேயே நின்னு போயிடும்.” 9ஆம் எபியில் செத்துப்போன பாட்டி 51ஆம் எபியில் அட்சதை போட்டிருந்தார். கார்த்திகை மாதத்தில் நாயகன் மரத்திலிருந்து மாம்பழம் பறித்துக் கொடுத்திருந்தான். வாரம் மூன்று எபி எழுதிப் பார்த்தால்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

எபி முடிவில் போடும் கொக்கி வேறு. கதவு தட்டப்படுவது 19 முறை, போன் அடிப்பது 14 முறை. ‘இந்த வீட்டில் ஒருவராவது ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடிக்க முடியுமா?’ என்று எழுதியிருந்தார். தொடராகப் படிக்கிறவருக்குக் கொக்கி வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எபிக்கு வரமாட்டார். புத்தகத்தில் அடுத்த பக்கம் கையிலேயே இருக்கிறதே. எபியின் தொடக்கத்தில் போன எபியில் நடந்ததைத் திரும்பச் சொன்னதையெல்லாம் வெட்டினபோதே 30 பக்கம் போய்விட்டது. அதில் வருத்தமில்லை.

வருத்தம் வந்தது நாயகன் விஷயத்தில். சென்னையில் ‘குரூப் ஆஃப் கம்பெனீஸ்’ வைத்திருக்கும் கோபக்காரன். 4ஆம் எபியில் நாயகியை அறைகிறான். அந்த எபிக்குத்தான் அதிகக் கருத்துகள், எல்லாம் இதயமும் நெருப்பும். அம்மா எழுதியிருந்தார்: ‘அடி வாங்கியவள் மூன்றாம் நாள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். நடுவில் இரண்டு நாள் என்ன நினைத்தாள்? எங்கே தூங்கினாள்?’ அவருக்கு ஆன்டி ஹீரோ கதையே புரியவில்லை என்று தோழியிடம் ஒரு மணி நேரம் திட்டினேன். ராத்திரி உட்கார்ந்து அந்த இரண்டு நாளை எழுதிப் பார்த்தேன். எழுத எழுத அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தாள். என்னால் அவளை அங்கே நிறுத்தி வைக்க முடியவில்லை. அவன் அறைந்ததை எடுத்துவிட்டேன். அது போனதும் அவனிடம் மிச்சம் ஒன்றுமே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

அதை அம்மாவிடம் சொன்னபோது, “அவனுக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

“எம்.டி. மேடம்.”

“சரி, காலையில போய் என்ன பண்ணுவான்?”

எனக்குத் தெரியவில்லை. ஃபைலில் கையெழுத்துப் போடுவான் என்றேன். “நீங்க ஒன்பது வருஷம் கம்பெனியில இருந்தீங்கல்ல, அங்க யாரும் யாரையும் விரும்பலையா?” என்றார்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டரில் தொடங்கி எத்தனை பேர்! ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஒரே டீயை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடித்தவர்கள், சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் ஒருத்தியிடம் கொடுத்தவன். இதையெல்லாம் கதை என்றே நான் நினைத்ததில்லை. கதை என்றால் ஏசி அறை, காரின் கறுப்புக் கண்ணாடி.

கதையை அப்படியே திருப்பூருக்குத் தூக்கி வந்தேன். அவன் சிறிய சாயப்பட்டறைக்காரரின் இளைய மகன், அவள் செக்கிங்கில் இருக்கிறாள். பழைய கதையில் பிரிவுக்குக் காரணம் வில்லி அனுப்பும் ஒரு போட்டோ. ‘ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் பிரிவு’ என்று அம்மா ஓரத்தில் எழுதியிருந்தார். தீராத பிரிவு என் ஊரிலேயே இருந்தது. நொய்யலில் சாயத்தண்ணி கலப்பதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணிக்குச் சாயம் போட வெளியூருக்கு லாரி போன காலம். பட்டறை மூடியது, கடன்காரன் வந்தான், இளைய மகன் வெளியூர்ப் பட்டறையில் கூலிக்குப் போனான். யாரும் கெட்டவர் இல்லை. ஆறு செத்துக்கொண்டிருந்தது, அதுவும் உண்மை. வில்லி போனதால் எனக்கு 8 எபி மிச்சம்.

அப்புறம்தான் அந்த அம்மா தமிழாசிரியை ஆனார். “ஊடல் இருக்கு, பிரிதல் இருக்கு. இருத்தல் எங்கம்மா? முல்லை இல்லாம நேரா கூடலுக்குப் போயிட்டீங்களே.” பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்த ஐந்திணை என் பனியன் கம்பெனிக்குள் வந்து நிற்கும் என்று யார் கண்டது! காத்திருப்பது என்றால் ஜன்னலோரம் நிற்பது, மழை பார்ப்பது, தலையணை நனைவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். “அவ வேலைக்குப் போகலையா?” என்றார் அம்மா.

வேலைக்கு அனுப்பினேன். வெளியூரில் சாயம் போட்ட துணி ரோல் அவள் மேஜைக்கு வருகிறது. ஷேடு சரியா என்று அப்ரூவல் துண்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் ரோலின் ஓரத்தில் லாட் நம்பர், மார்க்கரில். அதில் 7. ஏழின் நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு. அவன் மட்டும் அப்படிப் போடுவான். அந்த ரோல் முழுதையும் அவளே செக்கிங் பார்க்கிறாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டு நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது 118ஆம் பக்கத்துக் குறிப்பை. ‘பக்கம் 112இல் நீங்க. 118இல் நீ. 121இல் மறுபடி நீங்க. நீங்க எப்போது நீ ஆனது? யாருக்கும் தெரியாமல் ஆகிவிட்டதே.’ கவனக்குறைவு என்று திருத்தப் போனேன். எல்லாவற்றையும் ‘நீங்க’ ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கை ஓடவில்லை. எங்கள் பக்கம் பால்குடிக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்போம். அந்த ஊர்ப் பெண் ஒருவனை ‘நீ’ என்றால் அது சும்மா நடக்காது. அவன் சொல்லிக்கொள்ள வரும் காட்சி இப்போது இப்படி இருக்கிறது:

“ஏனுங்க, போறீங்ளா?”

“ம்.”

“எப்ப வருவீங்க?”

அவன் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காலால் தேடினான்.

“அப்ப போ” என்றாள்.

காலில் தட்டுப்பட்ட செருப்பை மாட்டாமலே நின்றான்.

இதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் அவள் அழுததை எழுதியிருந்தேன். அம்மா அடித்துவிட்டார். ஒரு வாரம் சண்டை போட்டேன். “போ-ன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல நாம அங்க நிக்கக் கூடாதும்மா.” தோற்றேன். அந்த ஒன்றரைப் பக்கம் இன்னும் என் போனில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. ‘பேட்லாக்’ என்ற தையல் மெஷின் பெயரை அவர் ‘ஃபிளாட்லாக்’ என்று திருத்தியிருந்தார். திருப்பூரில் அப்படிச் சொன்னால் மெஷினே திரும்பிப் பார்க்காது மேடம் என்றேன். விட்டுவிட்டார்.

* * *

340 குறிப்பா! என் நாவலுக்கு வந்தது 11. அதில் 9 ஒற்று. மீதி இரண்டு, அட்டைக்கு நல்ல போட்டோ இருக்கிறதா என்பதும் வங்கிக் கணக்கு எண்ணும். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

* * *

நான் யாழ்ப்பாணம். நீங்க–நீ பற்றி எழுதியதைப் படித்ததும் என் பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது.

என் கதையை எடுத்ததும் சென்னைப் பதிப்பகம்தான். எடிட்டர் அன்பான மனிதர், ஆனால் ‘குசினி’ எல்லாம் சமையலறை ஆகியிருந்தது, ‘கதைத்தாள்’ எல்லாம் பேசினாள் ஆகியிருந்தது. அவன் முதல் முறை அவளிடம் ‘வடிவா இருக்கிறீர்’ என்று சொல்லும் இடம், ‘அழகா இருக்கீங்க’ ஆகியிருந்தது. அதைப் படித்தபோது என் பெடியன் கோயம்பேட்டில் பஸ் ஏறி வந்தவன் மாதிரி இருந்தான்.

எங்கட பக்கம் மூன்று படி இருக்கிறது: நீ, நீர், நீங்கள். என் கதையே அந்த நடுப்படியில்தான் நடக்கிறது. இரண்டு பேரும் ‘நீர்’ என்று கதைத்துக்கொண்டு, கீழே இறங்கவும் மனமில்லாமல் மேலே ஏறவும் மனமில்லாமல் இருநூறு பக்கம். எடிட்டர் எல்லா ‘நீர்’ஐயும் ‘நீங்கள்’ ஆக்கிவிட்டார். ‘நீர்’ என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புராண நாடகம் மாதிரி கேட்கும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலேயே இலங்கை வழக்குச் சொற்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், என் கதையில் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். கடைசியில் ஒரு பேரம். வர்ணனையில் குசினியை விட்டுக்கொடுத்தேன். வசனத்தில் ஒரு எழுத்துக்கூடத் தொடக் கூடாது. ‘நீர்’ முதல் முறை வரும் இடத்தில் நாயகியின் தங்கையை வைத்து, “என்ன, நீர் போட்டுக் கதைக்கிறியள்?” என்று ஒரு கேலி சேர்த்தேன். வாசகருக்கு விளங்கிவிடும். அந்த யோசனை எடிட்டருடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

* * *

நான் எழுதுபவன் இல்லை, சென்னையில் பக்கம் வடிவமைக்கிறவன். உங்கள் கண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். நாவல் 20 ஃபாரத்தில் முடிந்தால் 320 பக்கம். 323இல் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாது. அரை ஃபாரம் கேட்டாலும் முதலாளி முகம் மாறும். எழுத்தளவைக் குறைப்போம், வரி இடைவெளியைக் குறைப்போம். அப்படியும் அடங்கவில்லை என்றால் எடிட்டருக்குப் போன் போவது என்னிடமிருந்துதான். மறுநாள் எழுத்தாளருக்கு ‘இந்தக் காட்சி வேகத்தைக் குறைக்கிறது’ என்று குறிப்பு போகும். எப்போதும் இல்லை, சில சமயம். திருப்பூர் அக்காவின் ஒன்றரைப் பக்கம் எந்த வகை என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: பக்கம் கட்டினபிறகு அத்தியாயம் சேர்க்காதீர்கள். பாமினி எழுத்துருவில் அனுப்பியதை யூனிகோடுக்கு மாற்றி, இடம் மாறின கொம்பையும் காலையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்த அன்றைக்கு, “தம்பி, ஒரு சின்ன முத்தக் காட்சி மட்டும்” என்று ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பினார். ஆறு பக்கம். குரல் பதிவாக.

* * *

திருப்பூர்தான் மறுபடியும். ஃபாரம் கணக்கு சொன்ன தம்பிக்கு: அடிக்க வரவில்லை, ஆனால் அந்த அம்மாவிடம் கேட்கத்தான் போகிறேன்.

பழைய வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சிலருக்குக் கோபம். ‘ஹீரோவை சப்பையாக்கிட்டீங்க சிஸ்’ என்று ஒரு தோழி எழுதினாள், இரண்டு வாரம் பேசவில்லை. இன்னொருவர், 62 எபியும் விடாமல் கருத்துப் போட்டவர், சாயப்பட்டறை மூடினபோது அவருடைய அப்பாவுக்கும் வேலை போனதாம். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. இதயமும் நெருப்பும்கூடப் போடவில்லை.

இரண்டாம் மெய்ப்பு நேற்று வந்தது. குறிப்பு 340இலிருந்து 17 ஆகியிருக்கிறது. விழி மூன்றே இடத்தில். அதில் ஒன்று ‘விழிப்பு’, அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். 203ஆம் பக்கத்தில் மட்டும் சிவப்பில் பெரிதாக ஒரு வட்டம்: ‘பாட்டி திரும்பவும் வந்துவிட்டார்.’