மறு: டார்க் மேட்டருக்குத் தமிழில் ‘கரும்பொருள்’ பொருந்துமா?

> கரும்பொருள் போதும். கருந்துளையோடு ஒத்துப்போகிறது.

ஐயா, வணக்கம்.

கருந்துளையோடு ஒத்துப்போவதுதான் எனக்கு இடிக்கிறது. கருந்துளை ஒளியை விழுங்கும். டார்க் மேட்டரோ ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்; ஒளியை விழுங்காது, மறைக்காது, தானும் ஒளிராது. ஒளி பாட்டுக்கு ஊடே போய்விடும். தண்டையார்பேட்டை மாலை வகுப்பில் ‘கரும்பொருள்’ என்றதும் ஒரு பையன், “நிலக்கரித் தூள் மாதிரியா சார்?” என்றான். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளை, வேறெதைக் கேட்பான்!

டீ கிளாஸ் ஒன்றைக் கொடுத்து, அதன் தடித்த அடிப்பாகம் வழியாகத் தினத்தாளைப் பார்க்கச் சொன்னேன். எழுத்தெல்லாம் வளைந்து இழுபட்டுத் தெரிந்தது. கண்ணாடியில் கறுப்பு ஏது? வானியலாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பின்னாலிருக்கும் விண்மீன் திரள்களின் உருவம் எவ்வளவு நெளிந்திருக்கிறது என்று அளந்து, இடையில் இருக்கும் நிறையைக் கணக்கிடுகிறார்கள். புல்லட் கிளஸ்டர் பற்றி 2006இல் வந்த முடிவைப் பாருங்கள். இரண்டு விண்மீன் திரள் கொத்துகள் மோதியதில், எக்ஸ் கதிரில் ஒளிரும் சுடுவாயு நடுவே பின்தங்கிவிட்டது. அங்குள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அந்த வாயுதான். ஒளி அதிகம் வளைந்ததோ வாயுவை விட்டு விலகி, திரள்கள் இருந்த இடத்தில். அதாவது, கண்ணுக்குத் தெரியாத நிறை அங்கேதான் அதிகம்.

அதனால் ‘ஒளிசாராப் பொருள்’ என்று முன்வைக்கிறேன், அணிசாரா என்பதுபோல. இன்னொரு வசதியும் உண்டு: பிழை திருத்துபவர் கரும்பொருளைக் கருப்பொருளாக்கி, தெய்வம், உணவு, பறை, யாழ் என்று அகத்திணைக்குக் கொண்டுபோய்விட மாட்டார்.

– ராயபுரத்திலிருந்து

> ஒளிசாராப் பொருள்

தம்பி, கிளாஸ் நல்ல உதாரணம். ஆனால் ஒளியை வளைத்துக்கொண்டே சாராமலும் இருப்பது எப்படி என்று அதே பையன் கேட்பானே? நிறை காலவெளியை வளைக்கிறது, ஒளி அந்த வளைவில் போகிறது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். சரி, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துவதாகச் சொல்லும் டார்க் எனர்ஜிக்கு என்ன செய்வீர்கள்? ‘ஒளிசாரா ஆற்றல்’ என்றால் ஒன்றும் விளங்காது. இரண்டுக்கும் ஒரே அடைமொழி வேண்டும் என்பதற்காகத்தான் நான் ‘கரு’வைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 1933இல் வானியலாளர் ஸ்விக்கி கோமா என்ற விண்மீன் திரள் கொத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியபோதும் ‘இருண்ட’ என்றுதான் எழுதினார், நிறத்தைச் சொல்லவில்லை.

நிறை இப்படி ஒளியை வளைப்பதற்கான ‘ஈர்ப்பு வில்லை’ என்ற சொல்லில் நமக்குள் சண்டை இல்லை. அதை இன்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். டார்க் மேட்டர் நிலுவையில் இருக்கட்டும். அடைமொழி கிடைத்தால் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

– வியாசர்பாடியிலிருந்து